ராணியின் அறைக்குக் காவல்

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, ராணியின் படுக்கையறையில் வடக்குச் சன்னலுக்கும் மரக்கட்டிலுக்கும் நடுவே போட்டு, செருப்பைக் கழற்றி, வெறுங்காலைக் கருங்கல் தரையில் பதித்தார் எஸ்தர். "யப்பா!" என்றார். காஞ்சிபுரத்துக்கு வெளியே, பாலாற்றங்கரையிலுள்ள அந்தக் கோடை மாளிகையை வெயிலுக்கு அஞ்சிய ஒரு ராஜா கட்டினார். அரசு அதை அருங்காட்சியகம் ஆக்கியது. அதன் பயனை முழுமையாக உணர்ந்தவர் காவல் ஊழியரான எஸ்தர் ஒருவரே.

சுவரோவியங்கள் உதிரும் என்பதால் அங்கே மின்விசிறிக்கு அனுமதியில்லை. ராணியின் அறைக்கு அது தேவையுமில்லை. தகரக் கூரையின்கீழ் ஆயுதக்கூடத்தைக் காக்கும், வயதில் இளையவளான துர்கா, அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் காப்பாட்சியரிடம் முறையிட்டாள். மாதத்துக்கு ஒருமுறை இருவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள் என்று அவரும் சொல்லிவிட்டார்.

எஸ்தர் சரியென்று தலையாட்டினார். தேநீர் வேளையில் துர்காவின் காதில் மட்டும் ஓதினார்: "தாராளமா வா துர்கா. மத்தியானத்துல கொலுசு சத்தம் கேக்கும். கட்டிலாண்ட மட்டும் திரும்பிப் பாக்காத. நான் ஜெபம் பண்ணிக்கினு உக்காந்துப்பேன். உனக்குப் பழக்கமில்லையேமா!"

துர்கா வரவில்லை. ஆனால், அந்தக் கொலுசு அவளுடன் பேருந்தேறி, அவள் ஊரான வாலாஜாபாத்துக்குப் போயிற்று. ஏனாத்தூர் கல்லூரி மாணவர்களின் கைப்பேசிகளிலும் புகுந்தது. மறுவாரமே ராணியின் அறையில் நிற்க இடமில்லை.

"ஆன்ட்டி, பேய் எத்தினி மணிக்கு வரும்?"

"நேர்லயே பாத்தியாமா?"

பட்டுத்தறியை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்திருந்த கந்தன் என்பவர் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்து, "காத்தே வரல, பேயா வரப்போவுது?" என்று அலுத்துக்கொண்டார். சன்னலை முதுகுகள் அடைத்திருந்தன. ராஜா பாடுபட்டுச் சேர்த்த குளிர்ச்சியெல்லாம் மக்களின் பெருமூச்சில் கரைந்துபோயிற்று.

எஸ்தர் ஆயுதக்கூடத்துக்கு விரைந்தார். பார்வையாளர் ஒருவருமில்லாத கூடத்தில், ஆற்றுக்காற்று வரக் கதவுகளையெல்லாம் விரியத் திறந்துவைத்து, பீரங்கியில் சாய்ந்தபடி துர்கா மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"துர்காமா, நாளைலேர்ந்து மாத்திக்கலாமா?"

"ஐயோ, எனக்குப் பயம்க்கா. நீங்கதான் ஜெபம் பண்றவங்க."

"கொலுசும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சும்மா சொன்னேன்டி!"

"பைபிள் படிக்கிற வாயில பொய் வருமாக்கா?" என்றாள் துர்கா. இன்னொரு மிடறு மோர் உள்ளே போயிற்று.

எஸ்தர் திரும்பி வந்தார். அவருடைய நாற்காலியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் அமர்ந்திருந்தாள். எஸ்தர் அவளை எழுப்பவில்லை. கட்டிலருகே தொங்கிய 'தொடாதீர்கள்' அட்டையை ஆணியிலிருந்து கழற்றி, முகத்துக்கு நேரே விசிறிக்கொள்ளத் தொடங்கினார்.