பினாயில் அக்காவும் தலை போன புழுவும்

என் அக்காவுக்கு வீட்டில் பினாயில் என்று பெயர். கல்யாணமான புதிதில், மாமா பாதி டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே டம்ளரைப் பிடுங்கிக் கழுவியவள். பாவம் மனுஷன், அன்றிலிருந்து டீயை ஒரே மூச்சில் குடிக்கப் பழகிக்கொண்டார்.

கடல் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காட்டும் கூடத்தில் அவளுக்கு வேலை. பல வருஷம் தரைதான் துடைத்தாள். நமக்கென்று ஒரு தொட்டி கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்தாள். ஒருவழியாக கூடத்தின் பொறுப்பாளர் மேடம் மனசு வைத்தார். மீனெல்லாம் மற்றவர்களுக்குப் போக, இவளுக்கு வாய்த்தது ஒரு புழு. ஏக்கார்ன் புழுவாம், அதாவது கொட்டைப் புழு. மஞ்சள் உடம்பு, கழுத்தில் காலர் மாதிரி ஒரு ஆரஞ்சுப் பட்டை, அதற்கு முன்னால் கொட்டை போல ஒரு மூக்கு. அந்த மூக்கால் மண்ணைத் துளைத்து உள்ளேயே குடித்தனம் நடத்தும், வெளியே தலைகாட்டாது. எனக்குச் சிரித்து மாளவில்லை. அவளோ தலைகால் புரியாமல் திரிந்தாள்.

முதல் வாரமே தொட்டியில், புண்ணுக்குப் போடும் டிங்சர் மாதிரி நாற்றம் அடித்திருக்கிறது. வேறு யாராவது என்றால் மேடத்தைக் கேட்டிருப்பார்கள். பினாயிலுக்குக் கை சும்மா இருக்குமா? மண் கெட்டுப்போச்சு என்று தானே முடிவுகட்டி, மொத்தத்தையும் அள்ளிப் பளபளவென்று கழுவினாள். புழுவை விரலால் தூக்கினாள். ஈரக் காகிதம் மாதிரி பிய்ந்துவிட்டது. மூக்கும் காலரும் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்து எனக்கே கேலி வரவில்லை. மேடம் திட்டவே இல்லையாம், பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினாராம். அந்த நாற்றம் அழுக்கே இல்லையாம். நல்லா இருக்கிற புழுவே அப்படித்தான் நாறுமாம். மண்ணோடு ஒட்டியிருக்கும் அழுக்குதான் அதற்குச் சாப்பாடாம். உடம்பு பிழைத்துக் கிடந்தால் தலை திரும்ப முளைக்கும், பார்ப்போம் என்றிருக்கிறார் மேடம். முளைக்காவிட்டால் தொட்டி போச்சு, பழையபடி தரைதான்.

"அதோட சாப்பாட்டையும் கழுவி ஊத்திட்டேன், தலையையும் பிச்சுட்டேன்டி," என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

கடற்கரையிலிருந்து கழுவாத மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, தலையில்லாத உடம்பை அதில் விட்டாள். இனி தோண்டிப் பார்க்கவே கூடாது என்று மேடத்தின் கண்டிப்பு. சும்மா இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று எங்களுக்குத்தான் தெரியும். வீட்டில் துணியைக் கையில் எடுப்பாள், யோசிப்பாள், வைத்துவிடுவாள். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வீட்டு ஜன்னலில் நான் தூசி பார்த்தது அப்போதுதான்.

சில வாரம் கழித்து, என் வேலை நேரத்தில் போன் அடித்தாள். உடனே வா என்றாள், வைத்துவிட்டாள். போச்சுடா என்று அடித்துப்பிடித்து ஓடினேன்.

தொட்டிக்குள் மண்மேல் பேஸ்ட்டைப் பிதுக்கிவிட்ட மாதிரி சுருள் சுருளாக ஒரு குவியல். பக்கத்துத் தொட்டிக்காரர், அசிங்கமாக இருக்கிறதே என்று வலைக்கரண்டியோடு வந்தார். அக்கா குறுக்கே பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்கண்ணே. மண்ணைத் தின்னுட்டுப் பின்னாடி தள்ளியிருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் பல்.

"சாப்பிட்டிருக்குடி. அதுக்கு வாய் வந்திருச்சு."