ஏழாவது புஷ்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நான் லேத்து வேலைக்காரன். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினாலும் செய்த சாமானைத் தூக்கிக் கழிவில் போடுகிறவன். எவனாவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். இதில் ஒரு நூல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

1973-ஆம் வருஷம், ஆவணி மாதம். காரைக்குடியில் செக்காலை ரோட்டுக்குப் பின்னால் என் பட்டறை. அந்த வருஷம் எங்கள் பக்கம் மழை இல்லை. ஊருணிகள் வெடித்துக் கிடந்தன. கரண்டுக்கும் பஞ்சம். எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு ராத்திரி பத்து மணிக்கு விடுவார்கள், காலை ஆறு மணிக்குப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே ஊர் தூங்கும்போதுதான் என் லேத்து ஓடும்.

என் தங்கை மீனாளின் வீட்டுக்காரர் கருத்தையா. மிலிட்டரியில் கழித்துவிட்ட ஒரு வெளிநாட்டு லாரியை ஏலத்தில் எடுத்து, தானே ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகள். அந்த லாரி ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். அது நாற்பது நாளாக என் பட்டறை வாசலில் நின்றது.

கோளாறு சின்னதுதான். பிஸ்டனைத் தாங்குகிற ராடின் மேல் முனையில் ஒரு வெண்கல வளையம் இருக்கும். புஷ் என்போம். ஆறு சிலிண்டர், ஆறு புஷ். ஆறும் தேய்ந்து எஞ்சின் டக் டக்கென்று அடித்தது. மதுரையில் தேடினேன், திருச்சியில் தேடினேன், மெட்ராசுக்கும் ஆள் விட்டேன். அந்த எஞ்சினுக்குச் சாமான் வருவது நின்று பத்து வருஷம் ஆகிவிட்டது என்றார்கள்.

எனக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது. கிடைக்காத சாமானைச் செய்து கொடுப்பதுதான் என் பெயருக்குப் பெருமை. நானே வார்த்துக் கடைந்து தருகிறேன் என்று கருத்தையாவிடம் மார்தட்டினேன்.

நல்ல செம்போடு பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் புஷ்ஷுக்கு ஏற்ற வெண்கலம் வரும். செம்புக்குப் பழைய பாத்திரம்தான் வழி. பெரிய வீட்டுச் சாமான்கள் எடைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. பழைய பாத்திரக் கடை வைத்திருந்த சத்தியமூர்த்தியிடம் போனேன். கடையின் பின்கட்டில், மற்ற சாமான்களோடு சேராமல், ஒரு செப்புக்குடம் தனியாக இருந்தது. கனமான பழைய குடம்.

அடியில் மூன்று ஓட்டைகள் இருந்தன. தேய்ந்து விழுந்த ஓட்டைகள் இல்லை. கடப்பாரை முனையால் உள்ளிருந்து வெளியே குத்தியிருந்தார்கள். விளிம்புகள் வெளிப்பக்கம் பிதுங்கி நின்றன.

குடத்தைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. கழுவி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"உருக்கத்தானே கேக்குறீக?" என்றார் சத்தியமூர்த்தி.

"ஆமா."

"அப்பச் சரி. வீட்டுப் புழக்கத்துக்குன்னா தரமாட்டேன்."

ஓட்டைக் குடத்தை எவன் புழங்குவான் என்று சிரித்துக்கொண்டே தூக்கி வந்தேன். அவர் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் பகலில் உளியால் குடத்தைத் துண்டு துண்டாக வெட்டினேன். உள்பக்கம் ஈரமாக இருந்தது. துடைத்தேன். வெட்டி முடிப்பதற்குள் திரும்பவும் ஈரம். உருக்குகிறவனுக்குத் தண்ணீர்தான் எமன். கொதிக்கிற உலோகத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் வெடித்து முகத்தில் அடிக்கும். துண்டுகளை அடுப்பு விளிம்பில் பரப்பி, ஒரு மணி நேரம் சூடேற்றி, கை வைத்தால் பொசுங்குகிற அளவுக்குக் காய வைத்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரி அடுப்பைக் கைத் துருத்தியால் ஊதினேன். காய்ந்த துண்டுகளை, உலோகம் உருக்குகிற மண்கிண்ணமான மூசையில் போட்டேன்.

ஸ்ஸ்ஸ்...

ஈரத் துணியைத் தோசைக்கல்லில் போட்டது போன்ற சத்தம். மூசையிலிருந்து புகை வரவில்லை. ஆவி வந்தது. பாசி பிடித்த கிணற்று வாடை வீசியது. பட்டறைக்குப் பக்கத்தில் எங்கும் கிணறு கிடையாது.

ஆனாலும் வார்ப்பு குற்றமில்லாமல் வந்தது. எங்கள் பட்டறை வழக்கம், எத்தனை கேட்டாலும் ஒன்று கூடுதலாக வார்ப்போம். ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. ஆறு கேட்டார்கள், ஏழு வார்த்தேன்.

ராத்திரி பத்து ஐந்துக்குக் கரண்ட் வந்தது. கருத்தையா பெஞ்சில் படுத்திருந்தார். நான் லேத்தை ஓட்டினேன். வெண்கலத்தை உலர்வாகத்தான் கடைவோம், தண்ணீர் விடுவதில்லை. முதல் நான்கு புஷ்ஷும் நன்றாக வந்தன. ஐந்தாவதைக் கடையும்போது சுருள் சுருளாக விழுந்த சீவல் கையில் ஒட்டியது.

நனைந்திருந்தது.

மேலே பார்த்தேன். ஓடு ஒழுக மழை ஏது? எண்ணெய்க் குழாயைப் பார்த்தேன். அதுவும் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர்தான். கொஞ்சம் உப்பு.

கடிகாரத்தில் மணி இரண்டு. லேத்தை நிறுத்தினேன். பெல்ட் சுற்றி ஓய்ந்தது.

அப்போதுதான் கேட்டது.

களக்... களக்...

குடத்தைக் கிணற்றில் சாய்த்து மொள்ளுகிற சத்தம். முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. நிறைய நிறையச் சத்தம் ஒடுங்கியது.

களக்...

நின்றுவிட்டது.

பெஞ்சில் கருத்தையா எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், பட்டறைக்குள்ள கிணறு இருக்கா?"

"இல்ல மாப்பிள்ளை."

"எனக்குக் கேட்டுச்சு."

"எனக்கும்தான்."

மணி இரண்டு பத்து. மீதிப் புஷ்களையும் கடைந்து முடித்தேன். வெளியே எங்காவது யாராவது தண்ணீர் பிடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீரே இல்லாத ஊரில், அந்த நேரத்தில்.

ஆறு புஷ்ஷும் எஞ்சினுக்குள் போயின. ஏழாவதைப் பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினேன். எஞ்சின் தையல் மிஷின் போல ஓடியது. மீனாள் பட்டறைக்கே வந்து, பானட்டில் சந்தனம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மூன்றாம் நாள் கருத்தையா திரும்பி வந்தார். எஞ்சின் ஆயில் வெள்ளை வெளேரென்று மோர் போல இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகும். தண்ணீர் ரேடியேட்டரிலிருந்து மட்டுமே வர முடியும். ஆகவே ரேடியேட்டரைத் திறந்து பார்த்தேன்.

கழுத்து வரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கெட்டில் குறையில்லை. பிளாக்கில் விரிசல் இல்லை. எஞ்சினுக்கு அடியில் வாளியை வைத்து ஆயில் திருகைத் திறந்தேன். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர். பகலெல்லாம் வெயிலில் நின்ற எஞ்சின், தொட்டால் சுடும். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. ஒரு வாளி நிறைந்து இரண்டாவது வாளியும் பாதி வந்தது. அந்த எஞ்சின் அடியில் அவ்வளவு கொள்ள இடமே கிடையாது.

கருத்தையா என் முகத்தைப் பார்த்தார்.

"மச்சான், அந்தப் புஷ்ஷைக் கழட்டிருவோமா?"

இந்த இடத்தில்தான் நான் கெட்டேன். கழற்றினால் மாற்ற வேறு கிடையாது. லாரி திரும்பவும் நிற்கும். அதைவிட, என் கை வேலையில் பழுது என்று ஊர் பேசும். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

"புஷ்ஷுக்கும் தண்ணிக்கும் என்ன மாப்பிள்ளை சம்பந்தம்? புது ஆயில் ஊத்திருக்கேன். ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க."

அன்று ராத்திரி அவர் புதுக்கோட்டைக்கு ஓடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பட்டறையைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடித்தார். மணி பன்னிரண்டரை.

நான் வேறு வேலையில் இருந்தேன். சரியாக இரண்டு மணிக்குக் கேட்டது.

களக்...

லேத்தை நிறுத்தினேன்.

களக்... களக்...

சத்தம் சுவரிலிருந்து வந்தது. ஆணி இருந்த பக்கம்.

களக் களக் களக்...

நிறைந்துகொண்டே வந்தது. என் நெஞ்சு அடைத்தது. மூச்சை இழுத்தால் உள்ளே போகவில்லை. கிணற்று வாடை.

களக்.

இரண்டு பத்து.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

காலை எட்டு மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். லாரி திருமயம் தாண்டி ரோட்டோரமாக நிற்கிறது என்றார். மோதவில்லை, கவிழவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கதவும் மூடி, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. கருத்தையா ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தபடி இறந்திருந்தார். ஒன்றே முக்காலுக்குத் திருமயத்தில் டீ குடித்துவிட்டு, நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனாராம்.

நான் போய்ப் பார்த்தேன். சட்டை ஈரமாக இருந்தது. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. லாரி நின்ற இடத்தைச் சுற்றி ஒரு மைலுக்கு ஒரு குட்டை கிடையாது. பக்கத்து ஊருணி காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். நான் லாரியைச் சொன்னேன். அவர் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருக்க வேண்டும். நுரையீரல் இரண்டிலும் தண்ணீர், இது முங்கிச் செத்த உடம்பு என்றார்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. மீனாள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணே, நீ செஞ்ச சாமான்ல ஒண்ணும் குத்தம் இல்லையே?"

"இல்ல ஆத்தா," என்றேன்.

அவள் நம்பினாள். அதுதான் என்னைக் கொன்றது.

லாரியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? வாங்குவதற்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். தானே ஓட்டப் போவதாகச் சொன்னார். எஞ்சின் எப்படி என்று என்னிடம் கேட்டார். மீனாளின் மூன்று பிள்ளைகளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல எஞ்சின், என் கையால் செய்த சாமான் என்றேன். அவர் சாயங்காலமே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரிதான், பல நாள் கழித்து, பட்டறையைத் திறந்தேன். கரண்ட் வந்ததும் விளக்கைப் போட்டேன். சுவரில் ஏழாவது புஷ் தொங்கியது.

அது ஒரு வளையம். இரண்டு பக்கமும் திறப்பு. அந்த ஓட்டைக்குள் தண்ணீர் நின்றது. கண்ணாடிச் சில்லைப் பதித்தது போல, அசையாமல் நின்றது. ஆணி ஈரமில்லை. சுவர் ஈரமில்லை. கீழே ஒரு சொட்டு இல்லை.

விடிகிற வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சத்தியமூர்த்தி கடைக்குப் போனேன். துணியைப் பிரித்தேன். துணி நனையவில்லை. தண்ணீர் அப்படியே நின்றது. அவர் பார்த்துவிட்டுக் கடைக் கதவைச் சாத்தினார்.

குடம் ஒக்கூர்ப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து வந்ததாம். அந்த வீட்டு மருமகள் அந்தக் குடத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கியிருக்கிறாள். உடம்பையும் குடத்தையும் சேர்த்துத்தான் தூக்கினார்களாம். குடத்தைக் கவிழ்த்துக் கொல்லையில் வைத்தார்கள். விடிந்து பார்த்தால் நிமிர்ந்து, நிறைந்து நின்றது. கொட்டினார்கள். மறுநாளும் நிறைந்து நின்றது.

"அதுக்குத்தான் கடப்பாரையால குத்துனாக," என்றார் சத்தியமூர்த்தி. "மூணு ஓட்டை. அப்பறமும் கழுத்து மட்டும் நின்னுச்சு. ஒரு சொட்டு ஒழுகல. நீங்க வந்த அன்னைக்கும் நான்தான் கொட்டிட்டு வச்சிருந்தேன்."

நான் புஷ்ஷைத் திரும்பத் துணியில் சுற்றினேன்.

"உருக்கிட்டா போயிரும்னு நெனச்சேன்," என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மிச்சமெல்லாம் எங்க?"

நான் தஞ்சாவூருக்கு ஓடினேன். அந்த ஆள் கொடுத்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை. கும்பகோணம் வரை லாரிப் பேட்டைகளில் எல்லாம் கேட்டேன். அந்த நம்பர் லாரியை யாரும் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் பார்க்கவில்லை.

ஏழாவது புஷ் என்னிடம்தான் இருக்கிறது. சில ராத்திரிகளில், இரண்டு மணிக்கு, அது மொள்ள ஆரம்பிக்கும். இரண்டு பத்துக்கு நிற்கும். அப்போதெல்லாம் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எங்கேயோ ஒருவர், கண்ணாடியை ஏற்றிவிட்டு, நான் நல்ல எஞ்சின் என்று சொன்ன லாரியை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.