மல்லசமுத்திரத்தில் இரண்டாவது காப்பி

மல்லசமுத்திரத்தில் பேருந்து காப்பிக்கு நிற்கிறது. நாளை சேலத்தில், ஸ்பானிஷ் தெரிந்த எழுத்தருக்கான நேர்காணல். என் ஆங்கிலவழிப் பாடநூலில் ‘மே குஸ்தா எல் கஃபே’ என்றொரு ஸ்பானிஷ் வாக்கியம்; ஆங்கிலத்தில் ‘ஐ லைக் காஃபி’. அதில் ‘நான்’ எங்கே என்று ஒரு வாரமாகத் தேடுகிறேன். ‘காப்பி என்னை மகிழ்விக்கிறது’ என்று சுற்றிவளைக்கிறது புத்தகம்.

“ஏனுங்க, காப்பி புடிச்சிருக்குதுங்களா?” என்கிறார் கடைக்கார அம்மா.

“எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க.”

சொன்னவுடன் துள்ளி எழுகிறேன். ‘மே’ என்றால் ‘நான்’ இல்லை, ‘எனக்கு’! தமிழிலும் இப்படித்தானே பேசுகிறோம்! இங்கிலீஷ் வழியாக ஏன் சுற்றிக்கொண்டு போனேன்? “எனக்குப் புடிக்குது! எனக்குப் புடிக்குது!” என்று கத்துகிறேன்.

அம்மா முகம் மலர்ந்து இன்னொரு டம்ளரை நிரப்புகிறார். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார்.

“கொஞ்சம் பொறுங்க சாமி! இவருக்கு நம்ம காப்பி புடிச்சுப்போச்சு!”

ஓட்டுநர் எஞ்சினை அணைக்கிறார்.