ஞாயிற்றுக்கிழமை தெரியாத ஆப்

போன மழைக்காலத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, என் போன் என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டது. மனுஷர் யாரும் நிறுத்தவில்லை, பிள்ளைகளே. போன்தான். "உங்கள் ஐடி முடக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

நம் ஓய்வுநாள் பள்ளியில் உங்களில் பாதிப் பேர் வீட்டில் ஆப்பில்தான் பாலும் முட்டையும் வாங்குகிறீர்கள். பத்து நிமிஷத்தில் கொண்டுவருகிறார்களே, அந்த வேலைதான் எனக்கு. தாராவியிலிருந்து பைக்கில் செம்பூர் போவேன். அங்கே கம்பெனியின் கிடங்கு இருக்கிறது. பையில் சாமானை அடுக்கி, மாடி மாடியாய் ஏறிக் கொடுப்பேன். சேரும்போது, "உங்கள் நேரம் உங்கள் கையில்" என்றார்கள். நானும் நம்பினேன்.

அந்தத் திங்களுக்கு முந்தின நாள் என் மகள் ஜெனிபாவுக்குத் திடப்படுத்தல் ஆராதனை. பேராயர் வருகிற தேதியை நாம் மாற்ற முடியுமா? ஞாயிறு காலையோ ஆர்டர் குவிகிற நேரம். லீவு கேட்க ஆப்பில் இடமே கிடையாது. ஆகவே ஆராதனை முடியும்வரை ஆப்பை அணைத்துவிட்டேன். பேராயர் அவள் தலையில் கைவைத்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆப்பை அணைத்ததற்குத்தான் இந்தத் தண்டனை.

புகார் எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று போன் பதில் சொன்னது. திரும்ப எழுதினேன். திரும்பவும் நன்றி. கிடங்கு மேனேஜர், "மேரே ஹாத் மே குச் நஹி ஹை, பாய்" என்று, தன் கையில் ஒன்றுமில்லை எனக் கையை விரித்தார். எல்லாம் சிஸ்டமாம். தொழிலாளர் ஆபீசுக்குப் போனேன். "நீங்க தொழிலாளி இல்லையே, கம்பெனிக்குப் பார்ட்னர். உங்களுக்குன்னு சட்டம் வரட்டும்" என்றார்கள். மழையில் நனைவது நான். விழுந்தால் உடைவது என் எலும்பு. பார்ட்னராம்! எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல?

வீட்டுக்கு வந்தால் ஜெனிபா மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். "எப்பா, எனக்காவத்தான உங்க வேல போச்சு? நான் அடுத்த வருஷம் எடுத்திருப்பம்லா?" என்றாள். பிள்ளைகளே, வேலை போனதைவிட அந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது. ஆண்டவருக்கு முன்னால் நின்றதற்காக ஒரு குழந்தை வருத்தப்பட வேண்டுமா?

அன்றைய குடும்ப ஜெபத்தில் வேலையைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. "ஆண்டவரே, நான் சொல்வதைக் கேட்க ஒரு மனுஷனையாவது அனுப்பும்" என்றுதான் கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். அந்த வாரம் முழுக்க அதே ஜெபம்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் என்னோடு வண்டி ஓட்டும் காசிம் வந்தான். மேலப்பாளையத்துப் பையன். வாயில் எப்போதும் நையாண்டி.

"என்ன அண்ணாச்சி, உங்க ஆண்டவர் ஆப்ப அணைக்கச் சொன்னாரு, கம்பெனி ஒத்துக்கலயோ?"

"போலே. வயித்தெரிச்சலக் கிளப்பாத."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "நாளைக்கு நான் ஜும்மா தொழுகைக்குப் போனா எனக்கும் இதே கதிதான். ஒத்த ஆளாப் போயி நின்னா மிஷினு பேசுது. எல்லாருமாப் போயி நிப்போம். எல்லார்ட்டயும் பேசிட்டேன். நீங்க வந்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை நண்பகல். கிடங்கு வாசலில் எல்லாரும் பைகளை இறக்கி வைத்தார்கள். தமிழர், மராத்தியர், பீகார் பையன்கள், எல்லாரும். உள்ளே பால் பாக்கெட்டும் ஐஸ்கிரீமும் குவிந்தன. எடுக்க ஆளில்லை. கையில் ஒன்றுமில்லை என்ற மேனேஜர் கையில் இப்போது இரண்டு போன்! கம்பெனியின் ஐரோலி ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி காரில் ஓடிவந்தார். அந்தக் கம்பெனிக்கு ஒரு முகம் உண்டென்று அன்றுதான் கண்டேன்.

"நாமெல்லாம் பார்ட்னர்கள்தானே, உட்கார்ந்து பேசலாம்" என்று ஆரம்பித்தார்.

ஒரு மராத்திக்காரத் தம்பி குறுக்கே விழுந்தான். "பெஹ்லே இன்கா ஐடி சாலூ கரோ!" முதலில் இவர் ஐடியைத் திற என்று.

அதிகாரி என் பக்கம் திரும்பி, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கடைசிவரை கேட்டார். நான் பேசி முடித்ததும் அவர் போன் செய்தார். என் ஐடி திறந்தது. தொழுகைக்கும் ஆராதனைக்கும் போகிறவர்களை முடக்கமாட்டோம் என்றும் சொன்னார். வாயால்தான் சொன்னார். எழுத்தில் இன்னும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. சட்டம் வரும்வரை ஆறவும் கூடாது.

ஒரு மனுஷனைக் கேட்டேன். ஆண்டவர் ஒரு வாசல் நிறைய மனுஷரை அனுப்பினார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். ஜெபம் என்றால் முழங்காலில் நின்றுவிட்டு எழுந்து சும்மா இருப்பது என்று நினைத்திருந்தவன் நான். இப்போது எந்தத் தம்பியின் ஐடி முடங்கினாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்கிறேன். வெள்ளி நண்பகல் காசிம் தொழுகைக்குப் போகும்போது அவன் ஆர்டர்களை நான் கொண்டுபோகிறேன்.

நீங்களும் ஜெபியுங்கள், பிள்ளைகளே. அநியாயத்தைக் கண்டு கோபம் வந்தால் அதை ஒளிக்காமல் அப்படியே அவரிடம் கொட்டுங்கள். அவர் வேறு வேதக்காரர் வழியாகப் பதில் அனுப்பினாலும் ஓடிப்போய்க் கதவைத் திறங்கள்.

அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு ஜெனிபா முதன்முதலாக நற்கருணை எடுத்தாள். நான் அவள் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். அந்த நேரம் செம்பூரில் எனக்கு வரவேண்டிய ஆர்டர்களைச் சுமந்துகொண்டு காசிம் மாடி ஏறிக்கொண்டிருந்தான்.