மாயாண்டி அண்ணனுக்குக் கிடைக்காத விசா

சனிக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். மாயாண்டி அண்ணன் வண்டியூரில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் போன் செய்தார். "ஜெயந்திம்மா, சார் எந்திரிக்கல. எழுப்பிப் பார்த்தோம், உடம்பு சில்லுன்னு இருக்கு" என்றார். என் கையில் மாவுக் கரண்டி இருந்தது. "டாக்டரைக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "வந்து பார்த்துட்டுப் போயிட்டாரும்மா. ராத்திரியே தூக்கத்துல உயிர் போயிருக்கு" என்றார். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று ஆட்டோவில் ஏறிய பிறகுதான் யோசித்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடைகளுக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி ஏறினால் எங்கள் அலுவலகம். பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் வேலைகள். அங்கே பத்தொன்பது வருடம் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருக்கோ அது எங்கே இருந்தது என்று கடைசிவரை நான் கண்டுபிடிக்கவில்லை. யாராவது ஒரு புகைப்படத்தை நாலாவது முறையும் தப்பாக எடுத்துக்கொண்டு வந்தால் நான் கத்துவேன். அவர், "விடு தங்கச்சி, காது ரெண்டும் தெரியணும்னா அந்தாளு காதைப் பிடிச்சா இழுக்க முடியும்?" என்பார். வந்தவரும் சிரித்துவிடுவார்.

ஒவ்வொரு படிவத்தையும் அச்செடுத்து, அடிக்கோல் வைத்து, வரி வரியாக மூன்று முறை படிப்பார். மூன்றாவது முறை கீழிருந்து மேலே. "மேலேருந்து படிச்சா நாம நினைச்சது தெரியும், கீழேருந்து படிச்சாத்தான் நாம எழுதுனது தெரியும்" என்பது அவர் வாக்கு. எந்த நாட்டுக்கு எத்தனை நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும், எந்த நாட்டில் இறங்கியதும் விசா கிடைக்கும், எந்த விமான நிலையத்தில் மாறிப்போகவே தனி விசா வேண்டும் என்பதெல்லாம் அவர் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் மனிதர் கடல் தாண்டியதில்லை. ராமேசுவரம் பாலம்தான் அவர் கண்ட கடல்.

ஒருமுறை வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம்மூர்க்காரர் ஒருவர் மாடியேறி வந்து சண்டை போட்டார். இந்தியா வர, வேறொரு நாட்டுக்காரரான அவர் நண்பருக்கு ஒரு கட்டணம், அவருக்கு அதைவிடப் பெரிய கட்டணமாம். "சொந்த ஊருக்கு வர எனக்கு எதுக்குய்யா இம்புட்டு?" என்று குதித்தார். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மாப்ள. இது மொய் நோட்டு. நீங்க குடியுரிமை வாங்குன நாடு நம்மாளுக்கு எம்புட்டு எழுதுதோ, அதைப் பார்த்துத்தான் நாமளும் அவங்க ஆளுக்கு எழுதுவோம். உங்க நண்பரோட நாடு நமக்குக் கம்மியா எழுதியிருக்கு, நாமளும் கம்மியா எழுதுறோம். இப்ப நீங்க அந்த வீட்டு ஆளு." மதுரைக்காரனுக்கு மொய்யைச் சொன்னால் விளங்காமல் போகுமா? முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிட்டுப் போனார்.

அண்ணனின் ஊர் அழகர்கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூர். அவருடைய தகப்பனார் ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் உழைத்தவர். "எங்கப்பா உழுத நிலத்தை எல்லாம் சேர்த்தா மலையடிவாரம் பூரா வரும் தங்கச்சி. அதுல ஒரு செண்டு அவரு பேர்ல கிடையாது" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். விசாவுக்கு வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பதே, "பட்டா நகல் இருக்கா?" என்பதுதான். நிலம், வீடு, மனைவி, உத்தியோகம் இந்த நாலில் குறைந்தது இரண்டு கையில் இருந்தால்தான், இவன் ஊர் திரும்புவான் என்று அந்த நாட்டு அதிகாரி நம்புவார். அண்ணனுக்கு அந்த நாலில் ஒன்றுதான் இருந்தது. எங்கள் அலுவலக வேலை.

மனைவி போய்ச் சேர்ந்தபோது மகள் கயல்விழி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. படித்து, மணமுடித்து, ஒரு குளிர் நாட்டுக்குப் போனாள். அந்த நாட்டின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் உண்டானாள். நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டுக் கடமை. அவளோ வர முடியாத நிலை. அங்கே அவளுடைய குடியிருப்பு அனுமதி புதுப்பிப்பில் கிடந்தது. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ! "அவ வர முடியாட்டி நான் போறேன். ஆத்தா இல்லேன்னா அப்பன் இல்லையா?" என்றார் அண்ணன்.

அந்த இரண்டு மாதம் அவர் இருந்த இருப்பை எங்கள் அலுவலகமே பார்த்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் பூண்டுக் குழம்பு, பத்தியக் கறி, பிரசவ லேகியம் எல்லாவற்றுக்கும் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டார். பச்சைப் பிள்ளையைக் காலில் போட்டு எப்படிக் குளிப்பாட்டுவது என்று கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து ஒரு தடித்த ஃபைலைக் காலில் படுக்கவைத்துக் காட்டினேன். அவரும் உட்கார்ந்து செய்து பார்த்தார். முதலாளி உள்ளே வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வந்த வழியே வெளியே போய்விட்டார்.

இனி சொல்லப்போவதைத்தான் இத்தனை வருடம் நான் எவரிடமும் சொல்லவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். யாரும் தன் படிவத்தைத் தானே நிரப்பக்கூடாது, ராசியில்லை. ஆகவே அண்ணனின் படிவத்தை நான் கணினியில் ஏற்றினேன். 'பயணத்தின் நோக்கம்' என்ற கட்டம் வந்தது. வேறு யாருக்காக இருந்தாலும் 'மகளைப் பார்க்க' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பேன். ஆனால் அன்று எனக்குள் ஒரு பெருமை. ஓர் ஆம்பளை, பெண்டாட்டி இல்லாத இடத்தில் தாய் ஸ்தானத்தில் நின்று பிரசவம் பார்க்கப் போகிறார், அது அந்த அதிகாரிக்கும் தெரியட்டுமே என்று நினைத்தேன். 'மகளின் தலைப்பிரசவத்தைக் கவனிக்கவும், குழந்தையை ஆறு மாதம் பார்த்துக்கொள்ளவும்' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். அச்செடுத்துக் கொடுத்தேன். ஊரார் படிவத்தை எல்லாம் மூன்று முறை படிக்கிற மனிதர் அதைப் படிக்கவே இல்லை. "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வாரம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. குழந்தையைப் பராமரிப்பது அந்த நாட்டில் வேலையாகக் கருதப்படும், வருகையாளர் விசாவில் வேலை செய்யக்கூடாது என்று இருந்தது. தங்கும் காலம் முடிந்ததும் விண்ணப்பதாரர் வெளியேறுவார் என்ற நம்பிக்கையும் ஏற்படவில்லை என்று இருந்தது. அண்ணன் படித்துவிட்டு, "ஆயா வேலைக்கு வாரேன்னு நினைச்சுட்டாங்க தங்கச்சி" என்று சிரித்தார். சொந்தப் பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வது வேலையா? அடப் பாவிகளா! ஆனால் அவர்கள் சட்டம் அப்படி என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தானே அங்கே உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன்? அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் வழக்கம்போல, "காப்பி குடிச்சியா?" என்று கேட்டார்.

கயல் அங்கே ஒண்டியாகப் பெற்றெடுத்தாள். கணவனுக்கு ஷிப்ட் வேலை. வெளியே பனி, உள்ளே பச்சை உடம்புக்காரி, கையில் சிசு. நாற்பது நாளும் அழுதிருக்கிறாள். போனில் அவள் அழுவது பக்கத்து மேசையில் இருந்த எனக்கே கேட்கும். அண்ணன், "வெந்நி வச்சுக் குடிடா பாப்பா, வெந்நி வச்சுக் குடி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். வேறென்ன சொல்ல முடியும்?

விசா உலகில் ஒரு கேள்வி உண்டு. 'இதற்கு முன் உங்களுக்கு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா?' ஒருமுறை 'ஆம்' என்று எழுதினால் ஆயுளுக்கும் 'ஆம்'தான். அந்த ஒரு 'ஆம்' இரண்டாவது விண்ணப்பத்தைத் தின்றது. ஊர் திரும்பச் சொத்துப் பிடிமானம் இல்லை என்றார்கள். சேமித்ததை எல்லாம் போட்டு ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு செண்டு வாங்கினார். அவர் வம்சத்திலேயே முதல் பட்டா. அதை வைத்து மூன்றாவது முறை விண்ணப்பித்தார். சொத்து அண்மையில்தான் வாங்கப்பட்டிருக்கிறது, ஆகவே சந்தேகம் என்றார்கள். நிலம் இல்லை என்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம்! அண்ணன் உணர்ச்சிவசப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான். "மொய்யை வாங்கிப் போட்டுக்கிட்டு இலை போடாம அனுப்புற ஊரு உண்டா தங்கச்சி?" என்றார். கட்டிய கட்டணம் மூன்று முறையும் திரும்பி வராதது. அன்றும் மேசைக்கு வந்த மூன்று பேருடைய படிவங்களை அடிக்கோல் வைத்துப் படித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

பேத்திக்கு மூன்று வயதானபோது கயல் ஒருமுறை வந்தாள். இரண்டே வாரம். பிள்ளை முகம் பழகாமல் தாத்தாவைக் கண்டால் அம்மா பின்னால் ஒளிந்தது. ஊருக்குப் புறப்படும் நாளில்தான் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தது. "இப்பத்தான் பழகுச்சு, அதுக்குள்ள லீவு முடிஞ்சுபோச்சு" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்பா இங்கிருந்து வர முடியாது என்று தெளிந்தபின் கயல் ஒரு முடிவெடுத்தாள். அங்கே குடியுரிமை பெற்றால், பெற்றோரை வரவழைக்கத் தனி வழி உண்டு. பெற்றாள். பெற்றதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தாள். வெளிநாட்டு இந்தியருக்கான அட்டைக்கும் விண்ணப்பித்தாள். அது இன்னும் கைக்கு வரவில்லை. அப்பாவை வரவழைக்கும் மனு அங்கே பரிசீலனையில் இருந்தது. அந்த நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

அப்பாவைக் கூப்பிட்டுக்கொள்ள அவள் திறந்த கதவு, அவள் இங்கே வரும் கதவைச் சாத்திவிட்டது. அப்பன் பிணத்தைப் பார்க்க மகளுக்கு விசா வேண்டும். அங்குள்ள நம் தூதரகம் சனி, ஞாயிறு விடுமுறை. அவசர எண்ணில் கேட்டால் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழ் கேட்டார்கள். அந்தச் சான்றிதழும் அந்த அட்டை விண்ணப்பத்தோடு கிடந்தது. கடைசியில் மின்விசாதான் வழி என்று நான் சிம்மக்கல்லுக்கு ஓடி, அலுவலகத்தைத் திறந்து கணினி முன்னால் உட்கார்ந்தேன். போனில் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஏற்றினேன். தந்தையின் பெயர், பிறந்த ஊர், நாடு என்று கேட்டது. அழுதுகொண்டே சொன்னாள். கட்டணம் என்று வந்தபோது, அவள் நாட்டுக்காரருக்கு உரிய தொகை வந்து நின்றது. அண்ணன் மற்றவருக்குச் சொன்ன மொய்க் கணக்கு அவர் மகள் தலையிலேயே வந்து விழுந்தது. மூன்று நாள் ஆகலாம் என்றது திரை.

குளிர்பெட்டியில் எத்தனை நேரம் வைப்பது? ஞாயிறு மதியம் ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் மகன் என்னிடம் வந்தார். "அத்தை, நாளைக்கு வரும், நாளைக்கு வரும்னு வச்சிருக்க முடியாது. அந்தப் பிள்ளைகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார். சொன்னேன். "எடுங்க அத்தை" என்றாள். தத்தனேரி சுடுகாட்டில் கொள்ளி வைத்ததை அவள் போனில் பார்த்தாள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு அனுமதி வந்தது.

கயல் குழந்தையோடு வந்து, கருமாதிவரை அந்த வாடகை வீட்டில் இருந்தாள். சாமான்களைக் கட்டுகையில் அப்பாவின் விசாக் கோப்பு கிடைத்தது. முதல் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். "இந்த ஒரு வரி எனக்கு இன்னும் ஆறல அத்தை. ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதுறவரு தனக்கு ஏன் இப்படி எழுதுனாரு? கேட்டதுக்கு, 'பெருமைக்கு நாந்தான் எழுதித் தொலைச்சேன் பாப்பா'ன்னாரு. நாப்பது நாள் கழிஞ்சதும் நான் ஒரு மாசம் அவருகிட்ட பேசல. பச்ச உடம்பு, கோவத்துல கண்டபடி திட்டிட்டேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு" என்றாள்.

என் வாய்க்கு அலுவலகமே பயப்படும். அன்று அது திறக்கவில்லை. சாக்கு மூட்டையைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். விமான நிலையத்தில் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அங்கேயும் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதனால் இங்கே எழுதுகிறேன். கயல், அந்த வரியை உன் அப்பா எழுதவில்லை. நான் எழுதினேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. நீ திட்டியதெல்லாம் எனக்கு வந்து சேர வேண்டியது. அவர் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மேல் இருந்த பழி போயிருக்கும். தங்கச்சி பெயர் கெட்டுவிடும் என்று தன் மகளின் கோபத்தைத் தானே வாங்கிக்கொண்டிருக்கிறார். இதைப் படித்ததும் போன் செய். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணே, ஆறு வருசம் பக்கத்து மேசையில உக்காந்துக்கிட்டு, எனக்கே தெரியாம என் தப்பைச் சுமந்திருக்கீங்க. இறக்கி வச்சுட்டுப் போங்கண்ணே. உங்க மக இனி என்கிட்ட கேட்டுக்கட்டும்.