பழம் தொடாத கிளி

எங்கள் குடும்பத்தில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். சென்ற மாதம் றெக்கை நறுக்கிய பச்சைக்கிளி ஒன்று திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குள் தத்தித் தத்தி வந்துவிட்டது. கிளிக்குக் கொய்யாப்பழமும் பால்சோறும் பிடிக்கும் என்று பாடத்தில் படித்திருந்ததால் அவற்றையே வைத்தேன். இரண்டு நாளாகியும் தொடவில்லை. என் நோட்டுத் தாள்களைத்தான் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டது. கோபத்தில் கூடையால் மூடினேன். மறுநாள் காலை அது நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்தது.

பள்ளிக்கூடமே போகாத என் அண்ணி, "ரெண்டு நாளா அது என்னாதான் பண்ணிக்கினு இருந்துச்சு?" என்று கேட்டாள். சொன்னேன்.

"அடி படிச்சவளே, இது ஜோசியக்காரரு கிளி. சீட்டு எடுத்தாத்தான் நெல்லுன்னு பழக்கி இருப்பாங்க. அது வேலையைச் செஞ்சிட்டு கூலி கேட்டிருக்குது. நீ கூடையைப் போட்டு மூடிட்ட."

தாள்களை மடித்து அதன் முன் அடுக்கினேன். வெகுநேரம் கழித்து ஒன்றை அலகால் இழுத்தது. ஒரு நெல்லை நீட்டினேன், உரித்துத் தின்றது. இப்படியே சாயங்காலத்துக்குள் எழுந்து நின்றுவிட்டது.

கிளிக்கு உரியவரை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இப்போதெல்லாம் எந்த உயிர் வீட்டுக்கு வந்தாலும், அது என்ன செய்கிறது என்று முதலில் உட்கார்ந்து பார்க்கிறேன். பாடத்தில் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.