தார் பூசிய அடிச்சட்டம்

திருப்புளி உள்ளே போய்விட்டது.

வில்மா அதை அழுத்தக்கூட இல்லை. பின்விளக்குக்குப் போகும் ஒயர் எங்கே தொங்குகிறது என்று பார்க்கத்தான் டிரெய்லருக்கு அடியில் புகுந்திருந்தாள். ஒயரை ஒதுக்கித் தள்ள, திருப்புளியின் முனையை இரும்புச் சட்டத்தில் ஊன்றினாள். கறுகறுவென்று கடையிலிருந்து இறக்கியது போலிருந்த சட்டம், காப்பியில் ஊறிய ரொட்டியாக வழிவிட்டது. பிடிவரை இறங்கியதை வெளியே இழுத்தபோது செங்காவிப் பொடி அவள் கன்னத்தில் கொட்டியது. பொடிக்குப் பின்னால் தண்ணீர். மழை விட்டு நாலைந்து நாளாகியும் சட்டத்துக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது.

ஒரு முழம் தள்ளிக் குத்தினாள். போனது. இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தினாள். அங்கே போகவில்லை. அப்போதுதான் மூக்கில் அந்த வாசனை ஏறியது. பழைய வண்டியில் புதுத் தாரின் வாசனை.

"ஆர்வோ!"

சமையலறைக் கதவு திறந்தது. புல்லில் நடந்து வந்து நின்ற ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

"என்ன வில்மா?"

"இந்தச் சட்டத்துக்குத் தார் யாரு அடிச்சது?"

பூட்ஸ் புல்லில் இடம் மாறி நின்றது.

"நான்தான். ஏப்ரல்ல. பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு."

"அடிக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் துரு. மேலாப்புல."

"குனி."

"காலைலேர்ந்து முதுகு ஒரு மாதிரி..."

"குனின்னு சொல்றேன்ல."

ஆர்வோ குனிந்தான். அவன் சிவந்த முகம் தலைகீழாகத் தெரிந்ததும் வில்மா திருப்புளியை அதே ஓட்டையில் சொருகி, அங்கேயே விட்டுக் கையை எடுத்தாள். அது விழாமல் நின்றது.

"இதுவா மேலாப்புல?"

அவள் மல்லாந்தபடியே, காலை ஊன்றி ஊன்றி வெளியே வந்தாள்.

வில்மா லாம்பினெனுக்கு அறுபத்தொரு வயது. வயதில் பாதிக்கு நெருக்கமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அமெரிக்காவின் வட எல்லையில், சுப்பீரியர் ஏரிக்கரையில் பனி விழ ஆரம்பித்தால் ஏப்ரல் வரை விடாது. விடிவதற்கு முந்தைய இருட்டில், மூக்கு உறையும் குளிரில், வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சுத்தியலோடு அதைச் சுற்றி வருவாள். அச்சு, வில்பட்டை, சட்டம் என்று ஒவ்வொன்றையும் தட்டுவாள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தையாகக் கேட்டால் வண்டி நகராது. ஒருமுறை தலைமை ஆசிரியர் போன் செய்து, முதல் வகுப்புக்கு நேரமாகிறது, அப்படியே ஓட்டிவரக்கூடாதா என்று கேட்டார். "வந்து நீங்க ஓட்டுங்க, நான் கிளாஸ் எடுக்கறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். பிள்ளைகள் அவளுக்கு 'டிங்டாங்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களில் சிலர் இன்று ஊரில் மளிகைக்கடையில் நின்றுகொண்டு, தங்கள் பிள்ளைகளிடம் அவளைக் காட்டி அதே பெயரைச் சொல்கிறார்கள். அவள் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

டிரக்கின் பின்னால் கோத்து இழுத்துப்போகும் இந்த வீட்டு டிரெய்லர் அவளுடையது. அவள் அம்மா விட்டுப்போன பணத்தில் வாங்கியது. கணவன் ஆர்வோவுக்கும் அவளுக்கும் சமவயது. வண்டி அவர்களைவிடக் கொஞ்சம் இளையது. வட்ட மூலைகள், வெளிர்பச்சைத் தகடு, உள்ளே பிர்ச் மரப் பலகை. அரிசோனா பாலைவனத்தில் நின்றிருந்ததால் வாங்கும்போது அடிச்சட்டத்தில் பொட்டுத் துரு கிடையாது. ஆனால் விலை குறைவாக இருக்கிறதென்று ஆர்வோ அதைப் பிப்ரவரியில் போய் இழுத்துவந்தான். கடைசி முந்நூறு மைல் முழுக்க, பனி உறையாமலிருக்க உப்புக் கரைசல் தெளித்த சாலை. வந்த கையோடு தன் டிரக்கை அடிவரை கழுவினான். டிரெய்லரை வீட்டுக்குப் பின்னால் புல்லில் நிறுத்தி, தரைவரை தார்ப்பாயைப் போட்டுக் கட்டினான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அக்டோபரில், முதல் உப்பு சாலையில் விழுவதற்கு முன், டிரக்கின் அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் பீய்ச்சி, மண் ரோட்டில் ஓர் ஓட்டு ஓட்டி வருவார்கள். எண்ணெயில் புழுதி அப்பிக்கொண்டு ஒரு தோலாகிவிடும். உப்பு அதைத் தாண்டி உள்ளே போகாது. ஆர்வோ எந்த அக்டோபரையும் தவறவிட்டதில்லை. அந்த வாரம் முழுக்க அவன் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். 'டிரெய்லருக்கும் அடிச்சிடேன்' என்று முதல் வருஷம் அவள் சொன்னாள். 'வருஷத்துக்கு ரெண்டு தடவை ஓடறதுக்கு எண்ணெய்க் குளியலா?' என்று அவன் சிரித்தான். அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது அந்த டிரெய்லரில்தான் அவர்கள் மகள் கரீன் குடியிருக்கப் போகிறாள். மேற்கே மொன்டானா மாநிலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அந்த ஊரில் வாடகைக்கு வீடே கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வண்டி நிறுத்த இடம் தருகிறார்கள். அவள் இதுவரை இருந்த வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. திரைச்சீலை தைத்துத் தொங்கவிட்டாயிற்று. சனிக்கிழமை கிளம்ப வேண்டும். அன்று புதன்.

"ஏப்ரல்லயே பார்த்திருக்கே," என்றாள் வில்மா.

"இவ்வளவுன்னு தெரியாது."

"குத்திப் பார்த்தியா?"

"இல்ல."

"ஏன் குத்தல?"

ஆர்வோ தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தான். "அவ அன்னிக்குத்தான் போன் பண்ணினா. வேலை கெடச்சிடுச்சுன்னு. எவ்வளவு சந்தோஷமா இருந்தா தெரியுமா? அந்த நேரத்துல போயி..."

"அவ சந்தோஷமா இருந்தா, அதனால நீ தார் அடிச்சே."

"சொல்லலாம்னுதான்..."

"எப்போ? நடுரோட்டுல வண்டி ரெண்டா ஒடஞ்சதுக்கு அப்புறமா? பின்னாடி வர்றவன் குடும்பத்தோட வந்து இதுல மோதினதுக்கு அப்புறமா? மனுஷனா நீ?"

"கத்தாத, பக்கத்துல லெம்பி வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும்! லெம்பியும் வந்து குத்திப் பார்க்கட்டும்!"

இந்த மனிதன் யார் மனதையும் நோகடிக்க மாட்டான் என்று ஊரே சொல்லும். நிலவறைச் சுவரில் ஈரம் பூத்தபோது விருந்தாளி வருகிறார்கள் என்று வெள்ளையடித்தான். அடுத்த கோடையில் சுவரை இடிக்க வேண்டியதாயிற்று. வேலை போன செய்தியை மூன்று வாரம் சொல்லாமல், தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தான். நல்ல மனுஷன். அந்த நல்ல குணத்துக்குக் கீழே என்ன உளுத்திருக்கிறது என்று பார்க்கும் வேலை எப்போதும் அவளுக்கு.

சாயங்காலம் கரீன் காரில் இன்னும் இரண்டு பெட்டியோடு வந்தாள். மேஜையில் பாஸ்டி இருந்தது. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதித்த அந்த ரொட்டியை வில்மா கோபத்தில் கருகவிட்டிருந்தாள்.

"நீயே சொல்லு," என்றாள் ஆர்வோவைப் பார்த்து.

"ஒண்ணுமில்ல கண்ணு, வண்டில ஒரு சின்ன வேலை..."

வில்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "கரீன், வா வெளிய. சட்டை அழுக்கானா பரவால்ல."

மகளை டிரெய்லருக்கு அடியில் படுக்கவைத்து, திருப்புளியைக் கையில் கொடுத்தாள். அடியிலிருந்து குத்தும் ஓசை கேட்டது. ஒன்று, இன்னொன்று, பிறகு வெறிபிடித்தாற்போல வரிசையாக. கரீன் வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் துரு.

"இன்னும் மூணு நாள்ல நான் இதை இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"ஆமா," என்றாள் வில்மா.

"அப்பாவுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீ என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

"என்ன?"

"ஊர்ப் பிள்ளைங்க ஏறுற பஸ்ஸ தினம் தட்டித் தட்டிப் பார்த்தே. பதினோரு வருஷமா இது உன் வீட்டுக்குப் பின்னாடி நிக்குது. ஒரு தடவையாவது சுத்தியல எடுத்துட்டு வந்தியா? அப்பா பூசினாரு. நீ பார்க்கவே இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை அனுப்பி வைக்க இருந்தீங்க."

பதிலுக்கு என்னென்னவோ வில்மாவின் வாய்வரை வந்தது. புல்வெளி உன் அப்பா பொறுப்பு, வண்டி அவன் பொறுப்பு, வீட்டுக்குள் இருப்பது என் பொறுப்பு. கரீன் கருகிய பாஸ்டியைத் தொடாமல் காரை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை காலை, டிரெய்லர் இல்லாமலே மொன்டானாவுக்குக் கிளம்பினாள். நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் அறை எடுத்துக்கொள்வாளாம்; சம்பளத்தில் பாதி அதற்கே போகும். வாசலில் அப்பாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவையும்தான்.

அன்று சாயங்காலம் ஆர்வோ வழக்கம்போல சானா அறையில் அடுப்பு மூட்டினான். கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை வெந்நீராவிக் குளியலுக்கு இருவரும் சேர்ந்துதான் போவார்கள். வில்மா தனியாகப் போய்த் தனியாக வந்தாள். "தண்ணி மிச்சம் இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை வேலை ஆரம்பமானது. பக்கத்துத் தெருவில் வெல்டிங் செய்யும் டுவேன் வந்து அடியில் புகுந்து பார்த்துவிட்டு விசில் அடித்தான்.

"எந்தப் புண்ணியவான் இதுக்கு மேல தார் அடிச்சான்?"

"நிக்கறாரு பாரு," என்றாள் வில்மா.

"ஆர்வோ, உனக்கு என் மேல ஏதாவது கோவம்னா நேர்ல சொல்லியிருக்கலாமே. இதுல நெருப்பு வச்சேன்னா நான் பன்னி மாதிரி வெந்துடுவேன். மொத்தத்தையும் சுரண்டி, வெறும் இரும்பு தெரியணும். அப்புறம் கூப்பிடுங்க."

துருவைவிடத் தார்தான் பாடாய்ப் படுத்தியது. கிரைண்டிங் மெஷினைப் போட்டால் தார் உருகி அதன் சக்கரத்தில் ஒட்டி, முகத்தில் தெறித்தது. வெப்பக்காற்று அடித்து இளக்கி, அது இளகியிருக்கும்போதே சுரண்டியால் உரித்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். அதற்குக் கீழே துரு அடுக்கடுக்காக, பழைய புத்தகம்போலப் பிரிந்து வந்தது. சட்டம் உள்ளே கூடான பெட்டிக் குழாய்; இரண்டு முனையையும் யாரோ எப்போதோ அடைத்திருந்ததால், உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. வெளியில் மேலாப்பாகத் தெரிந்த துரு, உள்ளே தின்று முடித்ததன் மிச்சம்.

ஆர்வோ மல்லாந்து படுத்து வேலை செய்தான். முதுகுவலியைப் பற்றி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தாலாவது திட்டியிருக்கலாம் என்று வில்மாவுக்கு இருந்தது. அவர்களுக்கு இடையில் பேச்சு என்றால் 'அதை எடு', 'இதைப் பிடி', 'கையை எடு' மட்டும்தான்.

டுவேன் வந்து உளுத்த பாகங்களை வெட்டி எறிந்தான். புதுக் குழாயை வைத்து, இணைப்பின் இரண்டு பக்கமும் தடித்த தகடு கொடுத்துப் பற்றவைத்தான். தாங்கும் பலமிருந்த பழைய இரும்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவைக் கறுப்பாக்கும் அமிலத்தை வில்மா பூசினாள். அது ஊதாவாகி, பிறகு மங்கிய கறுப்பாகி இறுகும்வரை மேலே எதுவும் படவிடவில்லை. குழாயின் அடிப்பக்கம் தண்ணீர் வடியத் துளை போட்டாள். உள்ளே எண்ணெய் பீய்ச்சினாள், எதிர் முனையில் சொட்டும்வரை. வெளியே அடிப்பூச்சாக, துத்தநாகம் கலந்த சாம்பல்நிற பிரைமர்.

வெல்டிங் போட்ட இடங்கள் தழும்புபோலப் புடைத்துக்கொண்டு நின்றன. ஆர்வோ தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"மேல ஒரு கோட்டு கறுப்பு அடிச்சா பார்க்க..."

வில்மா கையிலிருந்த பிரஷ்ஷை வீசியெறிந்தாள். அது அவன் காதருகே பறந்து வேலியில் பட்டது.

"தொட்டே, அந்தக் கையை ஒடிச்சிடுவேன்! அவ இதுக்கு அடியில படுத்துப் பார்க்கணும். எங்க வெட்டினது, எங்க ஒட்டினதுன்னு அவ கண்ணுக்குத் தெரியணும். யாருக்குப் பார்க்க நல்லா இருக்கணும் உனக்கு? சொல்லு, யாருக்கு?"

ஆர்வோ பிரஷ்ஷை எடுத்துவந்து டப்பாவின் மேல் வைத்தான்.

மொன்டானாவிலிருந்து கரீன் போன் செய்தது ஜூலையில். அதுவரை அம்மாவோடு இரண்டு வரிக் குறுஞ்செய்தி மட்டும்தான். வில்மா டிரெய்லருக்கு அடியில் இருந்தாள். ஆர்வோ போனைச் சத்தமாகக் கேட்கும்படி வைத்துப் புல்லில் உட்கார்ந்தான்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை இழுத்துட்டு வர்றீங்களா, இல்லையா? இந்த ரூமுக்கு இன்னொரு மாசத்த என்னால குடுக்க முடியாது. வண்டி ரெடியா?"

வில்மாவின் கை நின்றது. தலையைத் திருப்பி அவன் பூட்ஸைப் பார்த்தாள். அந்தக் குரலில் இருந்த களைப்புக்கு இவன் என்ன பதில் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் ஜம்முன்னு இருக்கு கண்ணு. ஞாயித்துக்கிழமை வந்துடறோம்.

"எல்லாம் ஜ..." என்று ஆரம்பித்தான். தொண்டையைச் செருமினான்.

"அப்பா?"

"முன்பக்கம் நல்லா இருக்கு. கொக்கி, நடுச்சட்டம் எல்லாம் நானும் உங்கம்மாவும் தட்டிப் பார்த்தோம். பின்னாடி எடப்பக்கத்துக் குறுக்குச்சட்டம் ஒண்ணு... நேத்து குத்திப் பார்த்தேன். ஓட்டை விழல. ஆனா சத்தம் எனக்குப் புடிக்கல. அதையும் வெட்டிப் போடணும். இந்த ஞாயிறு முடியாது. அடுத்ததுக்கும் உறுதி சொல்ல மாட்டேன்."

மறுமுனையிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை, நிதானமாக, முழுசாக. அப்புறம், "சரி. ரூம நீட்டிக்கறேன்," என்று சொல்லி கரீன் வைத்துவிட்டாள்.

ஆர்வோ போனைப் பையில் போட்டான். அடியிலிருந்து வில்மாவின் குரல் வந்தது.

"இந்த வாய ஏப்ரல் மாசம் எங்க வச்சிருந்தே?"

சட்டத்துக்கு அடியிலிருந்து அவள் தள்ளிவிட்ட சுரண்டி ஒன்று புல்லில் சறுக்கிக்கொண்டு வந்து அவன் பூட்ஸில் இடித்து நின்றது. அதை எடுத்துக்கொண்டு, முனகியபடி மல்லாந்து, வண்டியின் பின்பக்கமாக அவனும் உள்ளே புகுந்தான்.